மருந்து கேட்காத வேதனைக்கு என்ன வைத்தியம்?



புற்றுநோய் முற்றிய ஒருவரைப் பற்றி, "இனிச் செய்ய ஒண்ணுமில்ல" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. நோயைக் குணமாக்க முடியாவிட்டாலும் வேதனையைக் குறைக்கலாம். இதற்கு நோய் தணிப்புப் பராமரிப்பு என்று பெயர்.

லண்டனில் 1967ஆம் ஆண்டு புனித கிறிஸ்தோபர் இல்லத்தை ஆரம்பித்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். தாதி, சமூக சேவையாளர், வைத்தியர் என்று மூன்று தொழிலும் படித்தவர். உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்ம வேதனை ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று அவர் கற்பித்தார். உலக சுகாதார நிறுவனம் 2002இல் தந்த விளக்கத்திலும் ஆன்மீகத் தேவை சேர்க்கப்பட்டுள்ளது.

ஆன்ம வேதனை என்பது என்ன? "நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்? எனக்கு ஏன் இப்படி வந்துச்சு?" என்று நோயாளி கேட்கிறாரே, அதுதான். இதற்குக் குளிசை கிடையாது. பழக்கமில்லாத ஊழியர், "பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பயிற்சி பெற்றவரோ கட்டிலருகே உட்கார்ந்து காது கொடுப்பார். அவசரப்பட்டுப் பதில் சொல்லமாட்டார். தன் மதத்தைப் போதிக்கவும் மாட்டார். சாமி நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்தப் பராமரிப்பு உண்டு.

அமெரிக்க வைத்தியர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கேள்வி முறையை உருவாக்கினார். பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கப்படும் அந்த முறையின் சாரம் இதுதான்:

1. உங்களுக்குத் தைரியம் தரும் நம்பிக்கை எது?
2. இந்த நோயில் அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?
3. ஆறுதலாக இருக்கும் கோயில், பள்ளி, சபை, உறவுகள் யார்?
4. இதற்காக நாங்கள் என்ன செய்யவேண்டும்?

நாலாவது கேள்விக்கு நோயாளி சொல்லும் பதில் சின்னதாக இருக்கலாம். "மாரியம்மன் கோயில் திருநீறு பூசணும்." "பேச்சு விட்டுப்போன தம்பிய ஒரு தரம் பாக்கணும்." "லயத்துல, எங்க வீட்டுலயே இருக்கணும்." இவற்றைக் குறித்து வைத்து, முடிந்ததைச் செய்து கொடுப்பதும் ஊழியரின் வேலையே.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை:

● மிஸ்ஸியோ டாக்டரையாவோ இப்படிக் கேட்டால், நோயாளியை முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

● கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், நோயாளி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.

● யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கோயில் விசயத்தை ஆஸ்பத்திரியில் எப்படிப் பேசுவது என்று வெட்கப்படவேண்டாம்.

● நேர்த்திக்கடன் வைத்தாலும் வலிக்குத் தரும் மருந்தை நிறுத்தவேண்டாம். வைத்தியர் மோர்பின் எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். வலியில் துடிப்பவரால் சாமி கும்பிடவும் முடியாது, சொந்தபந்தத்தோடு நாலு வார்த்தை பேசவும் முடியாது.