கோச்சுக்கு முதல் கடிதம் எப்போது?

2010 பிப்ரவரியில் அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களைக் கலக்கிய செய்தி ஒன்று உண்டு. டெலவேர் மாநிலத்தில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த டேவிட் சில்ஸ் என்ற 13 வயதுப் பையனுக்குத் தன் ஃபுட்பால் அணியில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச் லேன் கிஃபின். பையனும் சரி என்றுவிட்டான். ஃபுட்பால் என்றால் இங்கே முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் அவன். கல்லூரிப் படியை மிதிக்க இன்னும் ஐந்து வருடம் பாக்கி.

2013 செப்டம்பரில் கிஃபினின் வேலை போனது. வெளியூர் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பிய இரவு, விமான நிலையத்திலேயே சீட்டைக் கிழித்தார்கள். அவர் போனபின் அந்த வாக்கும் நீர்த்துப்போனது. சில்ஸ் கடைசியில் சேர்ந்தது வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில். நடுவில் ஒரு வருடம் கலிபோர்னியாவில் ஜூனியர் கல்லூரி. பிறகு திரும்பி வந்து, பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாறி, 2017 சீசனில் 18 டச் டவுன் அடித்தார். அந்த வருடம் அதற்கு மேல் பிடித்த ரிசீவர் நாட்டிலேயே இல்லை. ஏழாம் வகுப்பில் அவரிடம் எதைப் பார்த்து மயங்கினார்களோ, அந்த வேலையில் அவர் கல்லூரியில் பேர் வாங்கவே இல்லை.

அமெரிக்காவின் எடிசனிலும் ஃபிரிஸ்கோவிலும் நம்மவர் வீட்டுப் பிறந்தநாள் விழாக்களில் இப்போதெல்லாம் ஸ்பெல்லிங் பீ பேச்சோடு இன்னொரு பேச்சும் கலந்துவிட்டது. “அண்ணா, உங்க பையன் டென்னிஸ் ஆடுறானே, கோச்சுக்கெல்லாம் எழுதிட்டீங்களா? எங்க பொண்ணு எட்டாவது. லேட் ஆயிடுச்சோன்னு பயமா இருக்கு.” எட்டாம் வகுப்பில் என்ன லேட் என்று சிரிக்கலாம். ஆனால், அந்தப் பயம் காற்றிலிருந்து வந்ததல்ல. பத்து வருடம் முன்புவரை பெண்கள் சாக்கரிலும் லாக்ராஸிலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளிடம் கல்லூரிகள் வாய்ப்பேச்சாக இடம் பேசி முடித்துக்கொண்டிருந்தன. கோச் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது என்று அப்போதும் விதி இருந்தது. பிள்ளை கோச்சைக் கூப்பிட்டால்? அதைத் தடுக்க விதி இல்லை. ஆகவே, ‘சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்த நம்பருக்குப் போடச் சொல்லுங்கள்’ என்று கிளப் கோச் மூலம் தகவல் வரும். பிள்ளை போடும். கோச் எடுப்பார். விதி மீறப்படவில்லை!

இந்தக் கூத்துக்குத்தான் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. படிப்படியாகக் கதவடைத்தது. 2017-ல் லாக்ராஸ், 2018-ல் சாஃப்ட்பால், 2019-ல் மற்ற பெரும்பாலான விளையாட்டுகள். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் இன்று நிலவரம் இதுதான்: நீச்சல், டென்னிஸ், தடகளம், சாக்கர், வாலிபால் போன்றவற்றில், மாணவர் பத்தாம் வகுப்பு முடித்த கோடையின் ஜூன் 15 வரை கோச் அவரிடம் அணியில் சேர்ப்பது பற்றி மூச்சு விடக் கூடாது. இமெயில், போன், குறுஞ்செய்தி எதுவும் கிடையாது. பிள்ளையே போன் போட்டாலும் பேசக் கூடாது. கல்லூரிக்கு வந்து பார்க்கும்படி அழைப்பது ஆகஸ்ட் 1-க்குப் பிறகு. லாக்ராஸ், சாஃப்ட்பாலுக்கு பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1. ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் பத்தாம் வகுப்பின் ஜனவரி 1 என்று கொஞ்சம் முன்கூட்டியே. ஃபுட்பாலுக்குத் தனி நாட்காட்டி. அதை விளக்கத் தனிக் கட்டுரை வேண்டும்.

பெற்றோர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இந்தத் தேதிகள் எல்லாம் கோச்சின் கையைக் கட்டுபவை. பிள்ளையின் கையை அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எந்தக் கோச்சுக்கும் எப்போதும் எழுதலாம். கோச் படிப்பார், பெயரைக் குறித்து வைப்பார், அடுத்த போட்டியில் மைதானத்தின் ஓரமாக நின்று பார்க்கவும் செய்வார். பதில் மட்டும் எழுத முடியாது. அதிகபட்சம் ஒரு கேள்விப் படிவமோ, கேம்ப் அறிவிப்போ வரும். அது தெரியாமல், ‘இருபது பேருக்கு எழுதினோம், ஒருத்தரும் மதிக்கலை’ என்று பத்தாம் வகுப்பு மார்ச்சிலேயே மனம் உடைந்து உட்கார்ந்துவிடுகிற குடும்பங்கள் ஏராளம். ஜூன் 15-க்கு முன் வருகிற மௌனத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஜூலை முழுக்கத் தொடர்கிற மௌனத்துக்குத்தான் அர்த்தம் உண்டு.

அப்படியானால் எப்போது எழுதுவது? ஒன்பதாம் வகுப்பு முடிகிறபோது கல்லூரிகளைப் பார்க்கத் தொடங்கி, பத்தாம் வகுப்பின் நடுவில், குளிர்கால சீசன் முடிந்து கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நேரமோ ரேட்டிங்கோ வந்ததும் எழுதுவது சரி என்பது என் கணிப்பு. ஜூன் 15 காலையில் கோச் தன் பட்டியலைத் திறக்கும்போது அதில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் இதன் நோக்கம். அதற்கு எட்டாம் வகுப்பில் எழுதத் தேவையில்லை. எழுதினால் தப்பும் இல்லை, பயனும் இல்லை. பதின்மூன்று வயதின் 100 மீட்டர் நேரத்தை வைத்து எந்தக் கோச்சும் பதினெட்டு வயதைக் கணக்குப் போட மாட்டார். போட்டவர்கள் பட்ட பாட்டைத்தான் மேலே பார்த்தோமே.

எதை எழுதுவது என்பது எப்போது எழுதுவது என்பதைவிடப் பெரிய கேள்வி. கோச்சின் இன்பாக்ஸில் தலைப்பு வரி மட்டுமே முதலில் தெரியும். ‘உங்கள் அணியில் சேர விரும்பும் ஆர்வமுள்ள மாணவி’ என்று வந்தால் அப்படியே கிடக்கும். ‘2028-ல் பள்ளி முடிப்பவர், 200 பட்டர்ஃபிளை 2:02, டெக்சாஸ்’ என்று வந்தால் விரல் நிற்கும். திறந்தால் பத்து வரிக்குள் விஷயம் முடிந்திருக்க வேண்டும்: பள்ளி, கிளப், இரண்டு மூன்று சிறந்த நேரங்கள், போன வருடம் அதே நேரங்கள் என்ன, மதிப்பெண் சராசரி, அடுத்த போட்டி எங்கே எப்போது, வீடியோ இணைப்பு, கிளப் கோச்சின் தொடர்பு. போன வருட நேரத்தைச் சேர்ப்பது முக்கியம். கோச் தேடுவது வேகத்தை மட்டுமல்ல, வேகம் கூடுகிற வேகத்தையும்தான். ஒரே கடிதத்தை ஐம்பது கல்லூரிக்கு அனுப்பி, அதில் ஒன்றில் போட்டிக் கல்லூரியின் பெயரையே விட்டுவைக்கிற கூத்தும் நடக்கிறது.

அனுப்புவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்பவர்கள் குறைவு. அந்தக் கல்லூரி அணியில் இப்போது நீந்துகிறவர்களின் நேரங்கள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. டென்னிஸ் என்றால் யூ.டி.ஆர். ரேட்டிங். அணியில் ஆறாவது இடத்தில் ஆடுபவரின் ரேட்டிங் 12 என்றால், 8-ல் இருக்கிற பையன் அங்கே எழுதுவது தபால் செலவில்லாத கனவு. மேலும், முதல் டிவிஷன் ஆண்கள் டென்னிஸில் பாதிக்கும் மேல் வெளிநாட்டு வீரர்கள். ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் மண் தரையில் வளர்ந்த பத்தொன்பது வயதுக்காரர்களோடுதான் போட்டியே தவிர, பக்கத்து ஊர்ப் பள்ளிப் பையனோடு அல்ல.

கடிதத்தைப் பிள்ளைதான் எழுத வேண்டும். நண்பர் ஒருவர் மகள் பெயரில் தானே எழுதி, தானே ஃபாலோ-அப் செய்து, போனிலும் தானே பேசிவிட்டார். “அவளுக்கு எங்க நேரம், ஹோம்வொர்க், பிராக்டிஸ்…” கோச் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் சொன்னாராம்: “சார், நான் நாலு வருஷம் வேலை பார்க்கப் போறது உங்களோட இல்ல.” நண்பருக்கு ஒரு வாரம் கோபம். அப்பாக்கள் அதிகம் பேசுகிற வீடு பின்னால் தலைவலி தரும் என்று கோச்சுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. நம் வீடுகளில் இது கொஞ்சம் கூடுதல் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் கேம்ப் அழைப்புகள். ‘உங்கள் திறமையைக் கவனித்தோம், எங்கள் கோடை முகாமுக்கு வாருங்கள்’ என்று பெரிய பல்கலைக்கழகத்தின் சின்னத்தோடு வரும். பல முகாம்கள் பணம் பார்க்கும் ஏற்பாடு. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதே கடிதம் போகிறது. கோச் ஏற்கெனவே உங்கள் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தால் அந்த முகாமுக்குப் போங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஊருக்கு டிக்கெட் போடலாம். ‘நாங்கள் கோச்சுகளோடு இணைத்து வைக்கிறோம்’ என்று ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிற ஏஜென்சிகள் செய்வதில் பெரும்பகுதி மேலே சொன்ன பத்து வரிக் கடிதம்தான்.

கோச் வாயால் ‘உனக்கு இடம் உண்டு’ என்று சொன்னாலும், பிள்ளை ‘வருகிறேன்’ என்று சொன்னாலும், அது பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டுவது மாதிரிதான். இரண்டு தரப்பையும் எதுவும் கட்டுப்படுத்தாது. முன்பெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று ஒன்றில் கையெழுத்து போடுவார்கள். 2024 அக்டோபரில் அதையும் ஒழித்துவிட்டார்கள். இப்போது கல்லூரி எழுத்தில் தருகிற உதவித்தொகை ஒப்பந்தம்தான் கணக்கு.

இதைவிடப் பெரிய மாற்றம் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரான ‘ஹவுஸ்’ வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த தீர்வு. அதுவரை ஒவ்வொரு விளையாட்டிலும் எத்தனை ஸ்காலர்ஷிப் என்று வரம்பு இருந்தது. ஆண்கள் டென்னிஸில் 4.5, நீச்சலில் 9.9. அந்த நாலரையை எட்டுப் பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். ‘ஸ்காலர்ஷிப்பில் போனான்’ என்று ஊரில் சொல்லிக்கொண்டவர்களில் பலர் வாங்கியது புத்தகச் செலவுதான். இப்போது அந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்கிற வரம்பு வந்திருக்கிறது. தீர்வை ஏற்ற கல்லூரிகளில் டென்னிஸுக்கு 10 பேர், கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர். ஸ்காலர்ஷிப் இல்லாமல் ‘வாக்-ஆன்’ ஆகச் சேர்ந்து, உழைத்து மேலே வரலாம் என்றிருந்த கதவு இதனால் ஒடுங்கிவிட்டது. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதிகிற, 2018-ல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு. மூன்று வருடம் கல்லூரியில் ஆடித் தேறிய 21 வயதுக்காரர் கையில் கிடைக்கும்போது, பள்ளிப் பையனை எடுத்து வளர்க்க எந்தக் கோச்சுக்குப் பொறுமை? பள்ளி மாணவர்களுக்கு விழுந்திருக்கிற உண்மையான அடி இதுதான். இரண்டு வருடம் முன்னால் கடிதம் போட்டிருந்தாலும் இதை ஈடுகட்டியிருக்க முடியாது.

இந்தச் சூழலில் நம் குடும்பங்கள் முகம் சுளிக்கிற மூன்றாம் டிவிஷன் எனக்கு நல்ல இடமாகத் தெரிகிறது. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால், எம்.ஐ.டி., சிகாகோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எல்லாம் பெரும்பாலான விளையாட்டுகளில் அந்த டிவிஷன்தான்! அங்கே கோச் எந்த வகுப்பு மாணவரோடும் எப்போது வேண்டுமானாலும் கடிதம், போன் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். பதினொன்றாம் வகுப்பில் தொடங்கினாலும் நேரம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இலையுதிர் காலத்தில்கூட இடம் பிடிக்கிறவர்கள் உண்டு. ஐவி லீக் முதல் டிவிஷன் என்றாலும் விளையாட்டுக்கென்று பணம் தராது. பதினொன்று முடிந்த ஜூலையில் கோச் பிள்ளையின் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார். அங்கே தலையாட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு. கோச்சின் பட்டியலுக்கு இப்படிப்பட்ட கல்லூரிகளில் எவ்வளவு மதிப்பு என்பதை 2019-ல் வெடித்த அட்மிஷன் ஊழலே காட்டியது: யேல் சாக்கர் கோச்சும் ஜார்ஜ்டவுன் டென்னிஸ் கோச்சும் ஆடவே தெரியாத பிள்ளைகளைப் பணம் வாங்கிக்கொண்டு பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்தியாவிலிருந்து போனவர்களும் உண்டு. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். மறு ஜனவரியிலேயே சென்னை ஓப்பன் இறுதி ஆட்டம் வரை வந்து நுங்கம்பாக்கத்தைக் கத்த வைத்தார். ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவுக்கு ஆடினார். டெல்லித் தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர் 2016 நவம்பரில் கோவையில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் 2.26 மீட்டர் தாண்டி, உயரம் தாண்டுதலில் தேசிய சாதனையை முறியடித்தார். அடுத்த வருடமே கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 2018-லும் 2022-லும் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து எழுத நினைக்கிற பிள்ளைக்குத் தேதிகள் அதேதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல் கேட்கும். முதல் டிவிஷனுக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் என்று 16 முக்கியப் பாடங்கள் தேறியிருக்க வேண்டும். நேஷனல் கேம்புக்குப் போவதற்காகப் பத்தாவதோடு படிப்பை ஒப்புக்கு ஆக்கிவிட்ட பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பதைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். மாணவர் விசாவில் போனவர் அங்கே அப்படிக் காசு வாங்கினால் விசாவுக்கே வம்பு. கடிதம் எழுதும் முன் பள்ளி அலுவலகத்தில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.