கம்ப்யூட்டரை மிரட்டிய 2 விநாடி!

நேற்று வரை நன்றாக ஓடியது கம்ப்யூட்டர். அதில் "விண்டோஸ்" என்ற இயக்க முறையைப் புதிதாக மாற்றினார்கள். இன்று பெரிய கணக்கு ஒன்றைக் கொடுத்ததும் திரை இருண்டுவிட்டது! மீண்டும் வெளிச்சம் வந்தபோது, பாதி முடிந்த கணக்கைக் காணோம்!

2007-ம் ஆண்டில் "விண்டோஸ் விஸ்டா" வந்த பிறகு ஏற்பட்ட தொல்லை இது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் காரணம் வேறு!

128 கணக்கர்கள்

திரையில் படம் காட்டுவதற்காகக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது "கிராபிக்ஸ் கார்டு". 2006-ல் வந்த "ஜீபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ்." கார்டில் 128 கணக்கு உறுப்புகள் இருந்தன. 128 பேர் ஒரே நேரத்தில் கணக்குப் போடுவது போல! ஆகவே, படம் காட்டும் கார்டை ஆராய்ச்சிக் கணக்குக்கும் பயன்படுத்தினார்கள்.

காவலாளி

விஸ்டாவில் ஒரு காவலாளியை வைத்தார்கள். அவனும் ஒரு புரோகிராம்தான். கொடுத்த வேலையைக் கார்டு 2 விநாடிக்குள் முடிக்கிறதா என்று பார்ப்பான். முடிக்காவிட்டால், கார்டை நிறுத்தி மறுபடி துவக்குவான்.

ஏன் இந்த அவசரம்? படம் காட்டுவதும் அதே கார்டு. அது கணக்கில் மூழ்கினால், திரை அசையாமல் நின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் காவல். ஆனால், உழைப்பவன் யார், மயங்கிக் கிடப்பவன் யார் என்று காவலாளிக்குத் தெரியாது!

கண்டுபிடிப்பது எப்படி?

கணக்கு தொடங்கிய சில விநாடியில் திரை இருண்டு திரும்பினால், அது காவலாளியின் வேலையாக இருக்கலாம். வெகு நேரம் ஓடிச் சூடேறிய பிறகு நின்றால், விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் அடியோடு அணைந்தால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியைச் சோதிக்க வேண்டும்.

என்ன மருந்து?

கார்டை இயக்கும் புரோகிராமுக்கு "டிரைவர்" என்று பெயர். புது இயக்க முறைக்கு ஏற்ற டிரைவரை முதலில் போட வேண்டும்.

அடுத்து, கணக்கைத் துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் 2 விநாடிக்குள் முடிந்தால், காவலாளி வாய் திறக்க மாட்டான். முடிந்த கணக்கை அவ்வப்போது பத்திரப்படுத்துவதும் அவசியம்.

2 விநாடியை 10 விநாடியாகக் கூட்டவும் வழி உண்டு. ஆனால், கார்டு உண்மையிலேயே செயலிழந்தால், 10 விநாடி திரை அசையாமல் நிற்கும்!

"விண்டோஸ் 11"-லும் அதே 2 விநாடிக் காவல்தான். எனவே, புதுக் கார்டு வாங்கக் கடைக்கு ஓடும் முன், கணக்கைத் துண்டு போட்டுப் பாருங்கள். பணம் மிச்சமாகும்!