நீக்கத்தைவிட நியமனமே கேள்வி

இலங்கைப் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோன், 2025 ஆகஸ்ட் 5ஆம் நாள் பாராளுமன்றத் தீர்மானத்தின் மூலம் பதவி நீக்கப்பட்டார். ஆதரவாக 177 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை. இப்பதவியிலிருந்த ஒருவரைப் பாராளுமன்றம் அகற்றியது இதுவே முதற்றடவை.

எனினும், நாம் ஆராய வேண்டியது அவரது நியமனத்தையே. ஒருவர் தடுத்துவைக்கப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான விடயத்தில் அவர் அடிப்படை உரிமையை மீறினார் என உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்து, ஒழுக்காற்று நடவடிக்கைக்கும் பணித்திருந்தது. இரண்டரை மாதங்களுக்குள், 2024 பெப்ரவரியில், அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவரையே நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக்கினார்.

அரசியலமைப்புப் பேரவையில் நால்வரே ஆதரித்தனர். ஐந்து வாக்குகள் வேண்டுமென எதிரணி வாதிட்டது. சபாநாயகரின் வாக்கு அக்குறையை நிரப்பியதென்றது அரசுத் தரப்பு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் உச்ச நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் தலைமையிலான குழு விசாரித்து, அவரைக் குற்றவாளியெனக் கண்ட பின்னரே நீக்கம் நிகழ்ந்தது.

தடுப்பறைகளுக்கு அஞ்சி நாடு துறந்த நமக்கு இஃது அயலார் செய்தியன்று. ஊர் திரும்ப எண்ணுவோர் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: நீதிமன்றம் இவ்வாறு கண்ட ஒருவர் இனியும் உயர்த்தப்படமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? வேலியே பயிரை மேய்ந்ததெனப் பின்னர் வருந்துவதிலும், வேலியைத் தேர்ந்து இடுவதே அறிவு.