அரை விரற்கடை வண்டல்

ஜூன் 23 வந்தால் மேற்கு வர்ஜீனியா வெள்ளத்துக்குப் பத்து ஆண்டு. அதற்கான நினைவுப் பக்கத்தை இன்று மாலை ஆறு மணிக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். இதற்கிடையில், போன ஞாயிறு நாங்கள் போட்ட ஒரு படக்குறிப்பு வேலையைக் கூட்டிவிட்டது. ‘வெள்ளத்தில் அழிந்த நூறாண்டு கோல்ஃப் மைதானம் பழைய பொலிவுடன் மீட்கப்பட்டது’ என்று எழுதியிருந்தோம். மைதானத்தை நடத்தும் ஓட்டல்காரர்களின் விளம்பர மொழி அப்படியே எங்கள் கைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘மீட்கப்பட்டது’ என்ற சொல்லைத்தான் கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டார்கள்.

தஞ்சைப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: “வெள்ளம் வடிந்தால் வண்டல் நிற்கும். வண்டல் நின்ற இடத்தில் புல்லைத் தடுத்தாலும் வளரும். இதற்கு எதற்கு ஓர் ஆண்டு, எதற்கு வல்லுநர்?” மேட்டூர் அணை வந்தபிறகு தங்கள் பக்கம் வண்டல் வரத்தே குறைந்துவிட்டது என்ற பெருமூச்சும் அந்தக் கடிதத்தில் இருந்தது. வந்தவற்றில் நல்ல கேள்வி இதுதான். பக்கத்தில் பாதியை இவருக்கே கொடுக்கப்போகிறேன். கிரீன், ஃபேர்வே, பங்கர் எல்லாம் என்ன என்று விளக்கப்போவதில்லை. டிவியில் ஒரு முறை பார்த்தவருக்கே தெரிந்தவைதான்.

இடம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். அங்கே கிரீன்பிரையர் என்ற பெரிய பழைய ஓட்டல். அதன் மைதானங்களை ஒட்டி ஹோவர்ட் ஓடை ஓடுகிறது. 2016 ஜூன் 23 அன்று அந்த வட்டாரத்தில் சுமார் 12 மணி நேரத்தில் 8 முதல் 10 அங்குலம் வரை மழை கொட்டியது. தீப்பிடித்த ஒரு வீடு எரிந்தபடியே ஓடையில் மிதந்துபோன காட்சியை அன்று உலகமே பார்த்தது. மாநிலம் முழுக்க 23 பேர் இறந்தார்கள். அதில் 15 பேர் ஓட்டல் இருக்கும் கிரீன்பிரையர் மாவட்டத்தவர். ஓட்டலின் ஓல்ட் ஒயிட் மைதானத்தில் இரண்டு வாரம் கழித்துத் தொடங்கவேண்டிய பிஜிஏ போட்டி ரத்தானது. அடுத்த போட்டிக்கு நாள் குறித்தாயிற்று: 2017 ஜூலை 6. புல் விதைப்பவருக்கு இது நெருக்கடியான கெடு.

இனி வண்டலுக்கு வருகிறேன். கிரீனில் புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். தினமும் தலையை இப்படி மழித்தால் எந்தச் செடிக்கும் வேர் ஆழமாக இறங்காது. அந்தக் குட்டை வேரைக் காப்பாற்றத்தான் அடியில் அத்தனை ஏற்பாடும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட கட்டுமான முறை சுருக்கமாக இப்படி: அடியில் வடிகால் குழாய், அதன்மேல் 4 அங்குலம் சரளை, அதன்மேல் 12 அங்குலம் மணல் கலவை, அதன்மேல் புல்.

சரளை எதற்கு என்று கேட்டால் யாரும் தயங்காமல் ‘தண்ணீர் சீக்கிரம் வடிய’ என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலில் அது செய்வது நேர் எதிர்: தண்ணீரை மணலிலேயே நிறுத்திவைக்கிறது.

நம்பாதவர்கள் சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். ஓரங்களைப் பிடித்து, படுக்கைவாட்டில் தூக்கிப் பிடியுங்கள். சொட்டும், சொட்டும், பிறகு நின்றுவிடும். இப்போது பிழியாமல் அப்படியே நெட்டுக்குத்தலாகத் திருப்புங்கள். மறுபடியும் சொட்டும்! ஸ்பாஞ்சும் அதே, தண்ணீரும் அதே. உள்ளே தண்ணீர் நிற்கும் உயரம் மட்டும் கூடியிருக்கிறது. ஸ்பாஞ்சின் நுண்ணிய கண்கள் தண்ணீரைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. உயரம் கூடி எடை ஏறினால்தான் அந்தப் பிடி தளர்கிறது.

கிரீனுக்கு அடியில் நடப்பதும் இதுதான். மணலின் இடுக்குகள் சிறியவை, சரளையின் இடுக்குகள் பெரியவை. சிறிய இடுக்கைப் பற்றிக்கொண்ட தண்ணீர் பெரிய இடுக்குக்குள் இறங்க மறுத்து, மணல் முடியும் இடத்தில் அப்படியே நிற்கும். மேலே மேலே மழை சேர்ந்து எடை கூடியதும் மடை திறந்ததுபோல் சரளைக்குள் பாய்ந்து குழாய் வழியே போய்விடும். வெயில் நாளில் வேருக்கு ஈரம் இருக்கும், அடைமழையில் வடிகாலும் இருக்கும். மடையைத் திறக்க ஆள் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மாடித்தோட்டக்காரர்கள் தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்புகிறார்களே, அங்கேயும் இதே கதைதான். சில்லுக்கு மேலே உள்ள மண் சொதசொதவென்று நிற்கும்.

இப்போது வெள்ளம் வந்து, அந்த மணலின் தலைமேல் அரை விரற்கடை வண்டலைப் பரப்பிவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டலின் இடுக்கு மணலின் இடுக்கைவிடப் பல மடங்கு நுண்ணியது. அடியில் மணலும் சரளையும் போட்ட கணக்கு அப்படியே மேலே ஏறிவிட்டது: இனி வண்டல்தான் ஸ்பாஞ்சு, மணல்தான் சரளை. மழை பெய்தால் தண்ணீர் வண்டலிலேயே நிற்கும், மணலுக்குள் இறங்காது. மேலே சேறு, கீழே வறண்ட மணல். காற்றுப் போகாது, வேர் அழுகும், பாசி பிடிக்கும். முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிய அமைப்பை அந்த அரை விரற்கடை செயலிழக்க வைத்துவிடும். அதை அப்படியே விட்டு மேலே புது மணலைக் கொட்டினால் இன்னும் மோசம். வண்டல் நடுவில் புதைந்து, ஒவ்வொரு மழைக்கும் குறுக்கே நிற்கும்.

தஞ்சை நண்பருக்கு என் பதில் இதுதான்: உங்கள் வயல் முழுவதுமே வண்டல்; மேலும் கொஞ்சம் வந்தால் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும், ஏரும் ஓட்டிவிடுவீர்கள். நெல்லுக்குத் தண்ணீர் நிற்கவும் வேண்டும். கிரீனிலோ அது வேற்றாள். உரம் என்ற கணக்கில் வண்டல் இரண்டு இடத்திலும் நல்லதுதான், ஆனால் இங்கே பிரச்சினை உரமல்ல.

கிரீன்பிரையரில் வந்தது வண்டல் மட்டுமல்ல. கல், மரம், குப்பை எல்லாம் வந்தன. ஓல்ட் ஒயிட் மைதானத்தைச் சுரண்டிப் பார்ப்பதைவிடப் புதிதாக அமைப்பதே மேல் என்று முடிவெடுத்து, கீத் ஃபாஸ்டர் என்ற மைதான வடிவமைப்பாளரை அழைத்தார்கள். பக்கத்து மெடோஸ் மைதானமும் அவர் கைக்கே போனது. கிரீன்களில் போடும் பென்ட் புல் குளிர்காலத்து இனம். கோடை இறுதியிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ விதைத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். விதை எவ்வளவு சிறியது என்றால், ஒரு கிலோவில் ஒரு கோடிக்கு மேல் இருக்கும். ஊதினால் பறக்கும் அந்தத் தூளைப் பனிக்கு முன்னால் முளைக்கவைத்து, அடுத்த ஜூலையில் உலகத்தரமான ஆட்டக்காரர்கள் நடந்துபோகும் அளவுக்குக் கெட்டிப்படுத்த வேண்டும். அதைச் செய்து காட்டினார்கள். வேலையாகப் பார்த்தால் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் உறுத்துகிறது. மீட்டது எதை? ஓல்ட் ஒயிட் மைதானத்தை 1914இல் வடிவமைத்தவர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட். உடனிருந்தவர் சேத் ரேனர் என்ற நில அளவையாளர். மெக்டொனால்டின் பாணியே பிரிட்டனின் புகழ்பெற்ற குழிகளை அளந்து வந்து அமெரிக்க மண்ணில் மறுபடி அமைப்பதுதான். ஓல்ட் ஒயிட்டின் எட்டாவது குழி ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக்கில் உள்ள ரெடானின் சாயல். பதின்மூன்றாவது, பிரெஸ்ட்விக்கின் ஆல்ப்ஸ். பதினைந்தாவது, செயின்ட் ஆண்ட்ரூஸின் ஈடன். மூன்றாவது குழியின் மூலம் பிரான்ஸின் பியாரிட்ஸில் இருந்தது. அந்த மூலக்குழி எப்போதோ மறைந்துவிட்டது, நகல்கள்தான் மிச்சம்.

அதாவது 1914இல் கட்டியதே நகல். 2000களின் நடுவில் இன்னொரு வடிவமைப்பாளர் அதை ஒருமுறை ‘மீட்டு’ முடித்திருந்தார். வெள்ளத்துக்குப்பின் ஃபாஸ்டர் மீட்டது மீட்டதை. மண் புதிது, மணல் புதிது, புல் புதிது. மெக்டொனால்ட் காலத்துக் கிரீன் என்றால் அக்கம்பக்கத்து மண்ணைக் குவித்து மேடாக்கியதுதான். விதையும் இன்றைய இனமல்ல. நூறாண்டு என்று சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்று: மேடு பள்ளங்களின் வடிவம். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. பந்து எங்கே விழுந்து எப்படி உருளும் என்பதை அந்த வடிவம்தான் தீர்மானிக்கிறது. ஆட்டக்காரருக்கு மைதானம் என்பதே அதுதான். இருந்தாலும் கட்டியதைக் கட்டியது என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்? ஓட்டலுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. புல்லை அடியோடு மாற்ற வேண்டும் என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மைதானத்தை மாதக்கணக்கில் பூட்ட வேண்டியிருக்கும். வெள்ளம் அந்தச் சங்கடத்தை மிச்சப்படுத்திவிட்டது. இதை எந்த அறிக்கையிலும் எழுதமாட்டார்கள்.

அடுத்து, அதிகம் பேரைக் குழப்பிய சொல்: ‘ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’. “அப்படியானால் இனி 3016 வரை பயமில்லையா?” என்று கோவையிலிருந்து ஒருவர் கேட்கிறார், கேலியாகத்தான் இருக்க வேண்டும். அரசு வானிலை அமைப்பு சொன்னது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் அந்த அளவு மழை எந்த ஓர் ஆண்டிலும் பெய்வதற்கான வாய்ப்பு 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்பதுதான். அடுத்த ஆண்டும் அதே வாய்ப்பு, அதற்கடுத்த ஆண்டும் அதே. அந்த 0.1ஐ முப்பதாண்டு வீட்டுக்கடன் காலத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3 சதவீதம்.

இரண்டு இடத்தில் இந்தச் சொல் கண்ணாமூச்சி ஆடுகிறது. ஒன்று, அது மழைக்கான கணக்கு. அதே மழைக்கு ஒரு பள்ளத்தாக்கில் கணுக்கால் தண்ணீரும் இன்னொன்றில் கழுத்தளவுத் தண்ணீரும் வரலாம். இரண்டு, நூறு ஆண்டுப் பதிவுகளை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டைப் பற்றிப் பேசுகிறார்கள். நாளைய வானம் நேற்றைய வானம்போலவே நடந்துகொள்ளும் என்பது அதில் மறைந்திருக்கும் அனுமானம். ஓடைக்கரையிலேயே மறுபடி கட்டுகிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான சொல் கிடைக்காது.

“மனிதர்களின் வீடுகளுக்கு முன்னால் புல்லுக்கு விடிவுகாலம் வந்ததா?” என்கிறது இன்னொரு கடிதம். கடுமையான கேள்வி, ஆனால் தேதிகள் பதில் சொல்கின்றன. கிரீன்பிரையரை 2009இல் வாங்கிய ஜிம் ஜஸ்டிஸ், வெள்ளத்தின்போது ஆளுநர் வேட்பாளர். வீடிழந்தவர்களுக்கு ஓட்டல் அறைகளைத் திறந்துவிட்டார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த நவம்பரில் வென்று, 2017 ஜனவரியில் ஆளுநரானார். அந்த ஜூலையில் மைதானம் தயார். ஆனால் ஒன்றிய அரசு ஏறக்குறைய 15 கோடி டாலர் ஒதுக்கிய மாநில வீட்டுத் திட்டம், 2018 ஜூனிலும் ஒப்பந்தச் சிக்கலில் மாட்டித் திணறிக்கொண்டிருந்தது. கடைசியில் மாநிலத்தின் தேசியக் காவல் படைத் தலைவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஒன்று தனியார் பணம், மற்றது அரசுப் பணம், ஒப்பிடுவது தவறு என்பார்கள். கெடு தேதி எதற்கு இருந்தது, எதற்கு இல்லை என்பதை மட்டும் நான் கவனிக்கிறேன்.

இடம் குறைகிறது. மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

2017 போட்டியை வென்றது யார்? ஸாண்டர் ஷாஃபலி, பிஜிஏ போட்டிகளில் அவருடைய முதல் வெற்றி.

இப்போதும் அந்தப் போட்டி நடக்கிறதா? 2019தான் கடைசி; பின்னர் லிவ் கோல்ஃப் என்ற வேறொரு போட்டித் தொடர் வந்தது, 2023இல் பிரைசன் டிஷாம்போ அங்கே ஒரு சுற்றை 58 அடியில் முடித்தார்.

அணுகுண்டுக்கும் தாங்கும் பங்கர் அந்த மைதானத்தில் எத்தனையாவது குழியில் இருக்கிறது? அது மணல் பங்கர் அல்ல ஐயா. அமெரிக்க நாடாளுமன்றத்தாருக்காக ஓட்டலுக்கு அடியில் கட்டிய ரகசியக் காப்பிடம், 1992இல் வாஷிங்டன் போஸ்ட் அம்பலப்படுத்தியது. (பங்கர் என்றால் என்ன என்று விளக்காமல் விட்டது என் தப்பு.)

ஓட்டல் கடனுக்காக ஏலத்துக்கு வந்ததாமே? 2024 ஆகஸ்டில் நாள் குறித்தார்கள். கடைசி நேரத்தில் நின்றுபோனது.

படக்குறிப்பைத் திருத்துவீர்களா? திருத்தியாயிற்று: ‘வெள்ளத்தில் அழிந்த கோல்ஃப் மைதானம் 1914 வடிவத்தைப் பார்த்துப் புதிதாகக் கட்டப்பட்டது.’ முன்னதைவிட ஒரு சொல் கூடுதல். படத்துக்குக் கீழே அடங்கவில்லை என்று பக்கம் கட்டுகிறவர் முறைத்துக்கொண்டிருக்கிறார்.