உஷார்! கழற்றி மாட்டும் பிளேட்டையே கேட்டு வாங்காதீர்கள்

"பிள்ளை சாப்பிடக் கஷ்டப்படுவான், கழற்றி மாட்டுற மாதிரியே குடுங்க டாக்டர்" என்று கேட்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

மேல் தாடை குறுகி, மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே இறங்கிக் கடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் தாடையை விரிக்கும் எக்ஸ்பாண்டர் போடுகிறார்கள். அதில் பல்லோடு ஒட்டியதும் உண்டு, கழற்றி மாட்டும் பிளேட்டும் உண்டு. அண்ணத்தின் நடுவில் இரண்டு எலும்புகள் சேரும் கோடு சிறு வயதில் இறுகியிருக்காது. பல்லோடு ஒட்டிய எக்ஸ்பாண்டரின் திருகைத் தினமும் ஓரிரு முறை, டாக்டர் சொன்னபடி திருப்பும்போது அந்தக் கோடே விலகும். ஒரு திருப்புக்குச் சுமார் கால் மில்லிமீட்டர். கழற்றும் பிளேட்டை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் திருப்புவார்கள். அந்த மெதுவான அழுத்தம் பெரும்பாலும் பற்களை வெளியே சாய்க்கும். லேசான குறுகலுக்கு அது போதும். எலும்பே விரிய வேண்டிய பிள்ளைக்கு அதைப் போட்டால், பல் சாய்ந்ததைத் தாடை விரிந்ததாக நம்பி ஏமாந்துபோவோம்!

அதுவும் வாயில் இருந்தால்தானே? பள்ளியில் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்த பிளேட் அப்படியே குப்பைக்குப் போய்விடும். சில நாள் போடாமல் விட்டால் பொருந்தாது. அப்போது அழுத்தி மாட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். இப்படி வீணாகும் மாதங்கள்தான் பெரிய நஷ்டம். வளர்ச்சி முடிந்து எலும்பு இறுகிவிட்டால், அதே வேலைக்கு அறுவை சிகிச்சை வரை போக நேரலாம்.

ஒட்டிய எக்ஸ்பாண்டர் என்றால் நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. திருகும் சாவியில் நூல் கட்டி, அதை உங்கள் விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். கை நழுவினால் சாவி தொண்டைக்குள் போய்விடும்! ஒரு நாள் விட்டுப்போனதென்று மறுநாள் சேர்த்துத் திருப்பாதீர்கள். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் பதற வேண்டாம், அது எலும்பு விரிவதன் அடையாளம். ஆனால் எக்ஸ்பாண்டர் ஆட்டம் கண்டால் திருகுவதை நிறுத்தி அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். விரிந்து முடிந்த பிறகும் சில மாதம் அது வாயிலேயே இருக்க வேண்டும். விலகிய கோட்டின் இடையில் புது எலும்பு வளர்ந்து நிரம்புமுன் எடுத்துவிட்டால் தாடை பழையபடி சுருங்கும்.

எதைப் போடுவதென்று முடிவெடுக்குமுன் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: என் பிள்ளைக்கு விரிய வேண்டியது எலும்பா, நகர வேண்டியது பல்லா?