குணசாலியான ஸ்திரீக்கும் வேலைக்காரிகள் இருந்தார்கள்

நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் குணசாலியான ஸ்திரீயைக் குறித்துப் பிரசங்கம் கேட்டு, மனம் சோர்ந்து வீடு திரும்பும் சகோதரிகள் நம் சபைகளில் அநேகர். மும்பையிலே விடியுமுன் குழாயடியில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மின்சார ரயிலில் நின்றபடியே வேலைக்குச் சென்று, மாலையில் வீட்டு ஜெபக்கூட்டத்திற்குத் தேநீரும் ஆயத்தம்பண்ணுகிறவள், தான் இன்னும் குறைவுள்ளவளே என்று எண்ணுகிறாள். ஊரிலே தாயும் நாத்தனாரும் பகிர்ந்துகொண்ட வேலையை இங்கே ஒருத்தியே சுமக்கிறாள்.

அந்த அதிகாரத்தை நிதானமாய் வாசியுங்கள். 15ஆம் வசனத்திலேயே அவளுக்கு வேலைக்காரிகள் இருக்கிறார்கள்! (பிரசங்கிகள் இதை ஏனோ கடந்துபோய்விடுகிறார்கள்.) 10 முதல் 31 வரையுள்ள 22 வசனங்களும் எபிரெய மொழியின் 22 எழுத்துக்களின் வரிசையில் அமைந்த பாடல், ஒரே நாளின் வேலைப்பட்டியல் அன்று. லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தவை என்றே அதிகாரம் தொடங்குகிறது. ஆகவே முதலில் செவிகொடுக்கவேண்டியவர்கள் புருஷர்களே.

காலைமுதல் மாலைமட்டும் தனியே நியாயம் விசாரித்த மோசேயை மாமன் எத்திரோ தடுத்து, பாரத்தைப் பகிரச் சொன்னார், மோசேயும் இணங்கினார்.

சகோதரியே, "இந்த மாதம் கூட்டம் எங்கள் வீட்டில் வேண்டாம்" என்று பாஸ்டரம்மாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். சகோதரரே, நாளை விடியற்காலையில் குடத்தை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள்.