தேக்குத் தாங்கியும் கடற்காற்றும்

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள மீன்தொட்டியில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது கால் டன். நார்வாக்கில் அழுத்தினால் நல்ல தேக்கு சதுர சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கான கிலோவைத் தாங்கும் என்பதால், எடையை எண்ணிப் பயப்பட வேண்டாம். செங்கல்பட்டுப் பட்டறையில் செய்து மாமல்லபுரத்துக் கடலோர வீட்டில் வைக்கும் தாங்கிக்குக் காற்றின் ஈரமே உண்மையான சோதனை. ஈரம் ஏறினால் மரம் குறுக்குவாக்கில் பருக்கும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. நான்கு அங்குல உயரச் சட்டம் ஒரு சதவீதம் பருத்தாலே ஒரு மில்லிமீட்டர் உயரும். நான்கு மூலையும் ஒன்றுபோல் உயர்ந்தால் கவலையில்லை. ஒரு மூலை மட்டும் உயர்ந்தால் கண்ணாடி முறுக்கிக்கொண்டு, சிலிக்கோன் ஒட்டில் விரிசல் விழலாம். ஆகவே நன்கு உலர்ந்த ஒரே மரத்தில் எல்லாச் சட்டங்களையும் அறுத்து, அந்த வீட்டுக் காற்றிலேயே சில வாரம் கிடத்திவிட்டு இழைப்பது நல்லது. சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். பக்கவாட்டில் திருகாணியில் தொங்கக் கூடாது.

வார்னிஷ் அடித்தால் போதாதா? அது ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. இரும்பு எளிதுதானே என்பது நியாயமான கேள்வி; அது பருக்காது. ஆனால் உப்புக்காற்றில் வெல்டிங் இணைப்புகள் துருப்பிடிக்கும். விடாமல் வண்ணம் பூசுபவர் அதையே வைத்துக்கொள்ளலாம்.